புளியரை, இரவுப் பணி

புளியரைச் சோதனைச் சாவடியில்
பதினேழு வருஷம் தடுப்புக் கம்பை ஏற்றி இறக்கியவன்.
அதனால் டாக்டர் ரெஞ்ஜினி
தாளில் படம் போட்டு விளக்கத் தொடங்கியதும்
மீதிப் படம் எனக்கே தெரிந்துவிட்டது.

"காவல் அணுக்கள் செத்துப் போகலை, கேட்டோ.
கட்டியைச் சுற்றி நிக்குது. உள்ளேயும் நிக்குது.
ஒண்ணும் செய்யாம நிக்குது."

அந்த நிற்பு எனக்குத் தெரியும்.
விடியற்காலை மூன்று மணி.
ஆரியங்காவுக் கணவாய்க் காற்று
சட்டைக்குள் ஈரமாய் நுழையும்.
டார்ச் கையில் இருக்கும். கண் திறந்திருக்கும்.
நம்பர் பலகையின் எழுத்து மட்டும்
எழுத்தாகத் தெரியாது.
முதல் வருஷம் ஒவ்வொரு வண்டியிலும்
தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னேன்.
ஐந்தாம் வருஷம் குச்சியால் தட்டிப் பார்த்தேன்.
பத்தாம் வருஷம்
தட்டினேன், பார்க்கவில்லை.

சர்க்கரையெல்லாம் கட்டியே தின்றுவிடுமாம்.
காவலுக்கு வந்தவன் பட்டினி.
தின்றது கழிக்கும் புளிப்பில்
இவனுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.
எங்கள் ஊர்ப் பேரிலேயே புளி இருக்கிறது டாக்டர், என்றேன்.
அவருக்குச் சிரிக்க நேரமில்லை.

கட்டி சண்டைக்கு வருவதில்லை.
கை நீட்டுகிறது.
காவல் அணுவின் மேல் ஒரு பிடி உண்டாம்,
'போதும், நிறுத்து' என்று சொல்வதற்காக
உடம்பே வைத்த பிடி.
நல்லதுக்கு வைத்ததுதான்.
இல்லையென்றால் காய்ச்சல் விட்ட பின்னும்
அடித்துக்கொண்டே இருப்பான்.
அந்தப் பிடியைத்தான் கட்டி
பழகியவன் மாதிரிப் பற்றிக் குலுக்குகிறது.

அச்சன்குஞ்ஞின் கை சூடாக இருந்தது அன்றைக்கு.
சீட்டில் மீன் பெட்டி என்று எழுதியிருந்தது.
மீன் வாடை இல்லை, ஆஸ்பத்திரி வாடை.
"மாடக்கண்ணு அண்ணா, மகளுக்குப் பரீட்சை முடிஞ்சுதா?"
கம்பை ஏற்றினேன்.
காசு வாங்கவில்லை, சத்தியமாக.
வாங்கியிருந்தால்
குற்றத்துக்கு ஒரு விலையாவது இருந்திருக்கும்.
அந்த மாசமே, நாற்று நட இறங்கிய
செல்லக்கிளியின் உள்ளங்காலில் ஊசி.

டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.
அவர் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தார்:
குப்பை அள்ள வந்த பெரிய அணுக்கள் சில
கட்சி மாறி, கட்டிக்கு
ரத்தக்குழாய் போட்டுக் கொடுக்குமாம்.
எங்கள் ஆபீசிலும் ஒருத்தன்
வேலையை விட்டு, சொந்தமாக மூன்று லாரி வாங்கினான்.
பெயர் வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு ஒரு பை மருந்து.
வீட்டுமனை விற்ற காசு
சொட்டுச் சொட்டாய் இறங்குகிறது கையில்.
அது கட்டியைத் தொடாதாம்.
நீளும் கைக்கும் பிடிக்கும் நடுவே
போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.
பத்துப் பேருக்குப் போட்டால்
இரண்டு மூன்று பேருக்குக் கேட்கும்.
விழித்தவன் யாரை அடிப்பான் என்பதற்கும்
உத்தரவாதமில்லை:
குடலை அடிக்கலாம், தைராய்டை அடிக்கலாம்,
தோலை உரிக்கலாம்.

மூன்றாவது பை ஏறிய இரவு
திருவனந்தபுரத்திலிருந்து தென்காசி பஸ்.
முதுகெல்லாம் அரிப்பு.
சட்டையைத் தூக்கிப் பார்த்த மனைவி
"சிவப்பா தடிச்சிருக்கே" என்று பதறினாள்.
எனக்கு ஏனோ பயம் வரவில்லை.
யாரோ யாரையோ
தட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

புளியரையில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
ஏறியவள் புதிய காவலர்.
டார்ச்சை ஒவ்வொரு முகத்திலும் அடித்தாள்.
என் பையைத் திறக்கச் சொன்னாள்.
ரிப்போர்ட், துண்டு, மாத்திரை, பாதி தின்ற பழம்.
"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறாங்கம்மா,
விடுங்களேன்" என்றார் பின்சீட்டுக்காரர்.
அவள் விடவில்லை.
பஸ்ஸே முணுமுணுத்தது.

நான் முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னேன்:
"அடியிலே இன்னொரு ஜிப் இருக்கு."
அதையும் திறந்தாள்.